பதினாறாவது விநாடி

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தாறு. இப்படிப்பட்ட கதைகளில் தாடி குருவுக்கு இருக்கும். இங்கே அது சீடர் அம்பலவாணனிடம் இருந்தது. மனைவி இறந்த பிறகு மழிக்கத் தோன்றாமல் விட்ட தாடி. குரு பூங்கோதையின் கழுத்தில் உருத்திராட்சம் தொங்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கியது.

ஆசிரமம் என்று சொல்ல வேண்டுமானால், ஏரிக்கரையில் அரசாங்கம் கட்டிய ஒரு மஞ்சள் கட்டடத்தைச் சொல்லலாம். தண்ணீரில் கலக்கும் ஒரு வேதிப்பொருள் எவ்வளவு நஞ்சு என்று சொல்வது அங்கே வேலை. அதை மனிதர்கள் சொல்வதில்லை. டாஃப்னியா என்ற சிற்றுயிர் சொல்லும், மனிதர்கள் எழுதிக்கொள்வார்கள்.

தமிழில் அதை நீர்த்தெள்ளு என்கிறார்கள். பெயர் வைத்தவர் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்திருக்க வேண்டும். அது தெள்ளும் இல்லை, பூச்சியும் இல்லை. இறாலுக்குத் தூரத்து உறவு. வளர்ந்தது கடுகு அளவு இருக்கும். உடம்பு கண்ணாடி மாதிரி; உள்ளே இதயம் அடிப்பது வெளியே தெரியும். தொட்டியில் இருப்பவை எல்லாம் பெண்கள். துணையில்லாமலே பிள்ளை பெறுவார்கள். காலம் கெட்டுப்போனால்தான் ஆண்கள் பிறப்பார்கள். இதைப் பற்றி நூல்கள் மேற்கொண்டு கருத்துச் சொல்வதில்லை.

சோதனை எளிது. பிறந்து ஒரு நாள் ஆகாத குஞ்சுகளை ஒரு பீக்கருக்கு ஐந்து வீதம் விட வேண்டும். ஆறு வரிசை, வரிசைக்கு நான்கு பீக்கர். முதல் வரிசையில் வெறும் தண்ணீர். மற்ற ஐந்திலும் நஞ்சு, படிப்படியாக ஏறிக்கொண்டு போகும். மறுநாள் அதே நேரத்தில் ஒவ்வொரு பீக்கரையும் லேசாக ஆட்டிவிட்டுப் பதினைந்து விநாடி பார்க்க வேண்டும். அதற்குள் நீந்தாததை 'அசைவில்லை' என்று எழுத வேண்டும். செத்தது என்று எழுதக் கூடாது. இதயம் அடித்துக்கொண்டிருக்கலாம், உணர்கொம்பு துடிக்கலாம். கேள்வி அது இல்லை. நீந்தியதா என்பதுதான் கேள்வி.

பாதிப் பேரை முடக்கும் அளவு எதுவோ, அதுதான் அந்த நஞ்சின் எண்.

புதிதாக வருகிறவருக்குப் பரீட்சை எப்போதும் பழைய நஞ்சில்தான்: ஆரஞ்சு நிறத்தில் அழகாக இருக்கும் பொட்டாசியம் டைகுரோமேட். அதன் எண் உலகத்துக்கே தெரியும். லிட்டருக்கு 0.6 மில்லிகிராமிலிருந்து 2.1-க்குள் வந்துவிட்டால் கை தேறியது என்று அர்த்தம்.

அம்பலவாணனுக்கு முதல் முறை 2.4 வந்தது. இரண்டாம் முறை 2.3. மூன்றாம் முறை 2.6.

"அண்ணே, உங்க கை பட்டா விஷமும் சர்பத்து ஆயிடுது" என்றாள் ரெஜினா. பீக்கர் கழுவுவது அவள் பொறுப்பு. கழுவுகிற சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவள்.

"கிண்டல் பண்ணாத."

"கிண்டல் இல்லண்ணே. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு நாள் நீங்க சாராயம் ஊத்திக் குடுங்க. குடும்பம் உருப்பட்டுடும்."

அம்பலவாணன் சிரிக்கவில்லை. நான்காவது முறையும் தவறினால் பதிவறைக்குத் திரும்ப வேண்டும். முப்பது வருடம் அங்கேதான் கோப்பு அடுக்கினார். விலங்கியல் பட்டம் அத்தனை வருடமும் வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் படுத்திருந்தது. மனைவி செண்பகம் போன பிறகுதான் அதை வெளியே எடுத்து, ஆய்வுக்கூடத்துக்கு மாற்றல் கேட்டு எழுதினார். காரணம் என்ற இடத்தில் 'பாடத்தில் ஆர்வம்' என்று போட்டார். உண்மைக் காரணம் வேறு. வீட்டில் மின்விசிறியைத் தவிர எதுவும் அசைவதில்லை. பதிவறையில் அதுவும் இல்லை. இங்கே தொட்டி தொட்டியாக ஏதோ ஒன்று துள்ளிக்கொண்டே இருந்தது.

2.6 வந்த அன்று பூங்கோதை எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார். தராசு சரி. டைகுரோமேட் உப்பு சரி. தண்ணீரின் வெப்பம் சரி. வெறும் தண்ணீர் வரிசையில் இருபதும் நீந்தின.

"உங்க கை நல்ல கை சார்" என்றார். "குஞ்சைத் தண்ணிக்கு அடியில இறக்கி விடறீங்க. மேலருந்து சொட்டினா ஓட்டுக்குள்ள காத்துப் போயி மிதந்துக்கிட்டே கெடக்கும். இங்க வந்தவங்கள்ல பாதிப் பேர் அதுலயே ஒரு மாசம் நிப்பாங்க."

"அப்புறம் ஏன் மேடம் எண் ஏறுது?"

பூங்கோதை மேசையில் இன்னும் அப்படியே இருந்த இருபத்துநான்கு பீக்கர்களைக் காட்டினார்.

"இன்னொரு தடவை எண்ணுங்க. நான் பின்னால நிக்கறேன். நான் இல்லைன்னு நெனச்சுக்கங்க."

அப்படி நினைத்துக்கொள்வது அம்பலவாணனுக்குப் பழக்கமான வேலைதான். எண்ணி முடித்துத் திரும்பினார். பூங்கோதை ஒரு தாளின் முதுகில் எழுதியிருந்ததை நீட்டினார். இருபத்துநான்கு எண்கள். மேல் பாதியில் பதினான்கு, பதினைந்து, பதினைந்து, பதினான்கு என்று ஓடியது. கீழே வர வர முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, ஐம்பத்திரண்டு.

"இது என்ன மேடம்?"

"உங்க பதினஞ்சு விநாடி."

அம்பலவாணன் தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபக்கம் ஏதோ பழைய சுற்றறிக்கை.

"நான் பதினஞ்சுக்கு மேல எண்ணவே இல்லையே. சத்தியமா."

"எண்ணல. எல்லாம் நீந்துற பீக்கர்ல சரியா எண்ணறீங்க. ரெண்டு மூணு அடியில படுத்திருந்தா, பதிமூணு வரைக்கும் வந்துட்டு நின்னுடறீங்க. சன்னல் கண்ணாடியில ஒதடு தெரிஞ்சுது. அதுல ஒண்ணு தட்டித் தடுமாறி எழுந்து நீந்தின பிறகுதான் பதினாலு சொல்றீங்க."

பதிமூன்றுக்கும் பதினான்குக்கும் நடுவில் தான் எங்கே போய் வந்தார் என்பது அம்பலவாணனுக்குத் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் செண்பகம் மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தாள். தினமும் காலை ஒன்பது மணிக்கு டாக்டர் வருவார். பெயர் சொல்லிக் கூப்பிடுவார். விரல் நகத்தை அழுத்துவார். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பார். தாளில் ஓர் எண் எழுதுவார். குறை சொல்ல முடியாத டாக்டர். யாருக்கும் ஒரு விநாடி கூடவோ குறையவோ இல்லை. இரண்டாம் நாள் மத்தியானம், பக்கத்தில் யாரும் இல்லாதபோது, அவளுடைய இடக்கைச் சுண்டுவிரல் மடங்கி நிமிர்ந்தது. ஒரே ஒரு முறை. அவர் ஓடிப்போய் நர்ஸை அழைத்து வந்தார். நர்ஸ் கூப்பிட்டுப் பார்த்தாள், நகத்தை அழுத்திப் பார்த்தாள், பொறுத்தும் பார்த்தாள். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். தாளில் எதுவும் எழுதவில்லை. அவர் எடுத்துப் பார்த்தார்.

மறுநாள் அவள் இறந்துவிட்டாள். சுண்டுவிரலைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஆள் அவள்தான்.

"ஒரு கதை சொல்றேன்" என்றார் பூங்கோதை. உட்கார்ந்துகொள்ளச் சொல்லவில்லை. "இதே மாதிரி ஒரு ஆய்வுக்கூடம். அங்க ஒருத்தர் எண்ணிக்கிட்டிருந்தார். இரக்கமான ஆளு. ஒவ்வொரு பீக்கருக்கும் பத்து விநாடி கூடக் குடுப்பார். அவர் சொன்ன எண்ணை வெச்சுத்தான், ஒரு ஆலை ஆத்துல எவ்வளவு விடலாம்னு முடிவு பண்ணாங்க. ஆலைக்காரங்க நேர்மையானவங்க. சொன்ன அளவுக்கு மேல ஒரு சொட்டு விடல."

"சரி."

"அடுத்த கோடையில ஆத்துல ஒரு தெள்ளுகூட இல்ல. அதைத் தின்னு வளர்ற மீன் குஞ்சும் இல்ல. பாசியைத் தின்ன ஆளில்லாம தண்ணி பச்சைப் பெயின்ட் மாதிரி ஆயிடுச்சு. யாரு தப்பு பண்ணாங்கன்னு தேடினாங்க. எல்லாத் தாளும் சரியா இருந்துது."

"அவரு என்ன ஆனாரு?"

"அவருக்கு அப்ப இருபத்தாறு வயசு" என்றார் பூங்கோதை. "அவருன்னு மரியாதைக்குச் சொன்னேன். பொண்ணு."

கழுத்திலிருந்த ஸ்டாப்வாட்சைக் கழற்றி அவர் கையில் வைத்தார். கயிறு இன்னும் சூடாக இருந்தது.

"புதன்கிழமை நாலாவது தடவை. உதட்டால எண்ண வேண்டாம்."

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அம்பலவாணன் நூற்றிருபது குஞ்சுகளைப் பிரித்து விட்டார். முந்தின நாள் மாலையே தாய்களைத் தனித் தொட்டிக்கு மாற்றி, இரவில் பிறந்தவற்றைக் காலையில் சல்லடையில் எடுத்தாயிற்று. கண்ணாடிக் குழாயின் நுனியில் ஒரு குஞ்சு வரும்போது ஒரு புள்ளி மட்டும் தெரியும். அது கண். அதற்கு ஒரே கண்தான். அவரைப் பார்த்ததா என்று சொல்ல முடியாது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு எண்ணினார். ஆட்டினார். பொத்தானை அழுத்தினார். கடிகாரம் பதிமூன்றில் நிற்கவில்லை. அவருக்கு அது ஒரு மாதிரி அநாகரிகமாகப் பட்டது. நான்காவது வரிசை இரண்டாவது பீக்கரில் மூன்று அடியில் கிடந்தன. அதில் ஒன்றின் கொம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. பதினான்கு. பதினைந்து. அவர் பென்சிலை எடுத்து '2 நீந்தின, 3 அசைவில்லை' என்று எழுதினார். '3' கொஞ்சம் கோணலாக வந்தது.

எண் 1.5.

"அண்ணே, விஷம் விஷமாயிடுச்சு" என்றாள் ரெஜினா. "இனிமே எங்க வீட்டுக்காரருக்கு நீங்க பிரயோஜனம் இல்ல."

பூங்கோதை தாளை வாங்கி இரண்டு முறை பார்த்தார். "தேறிட்டீங்க சார். கீழ கையெழுத்துப் போடுங்க. அஞ்சு மணிக்குள்ள மேல அனுப்பணும். போகலைன்னா இந்தத் தடவையும் கணக்குல வராது."

அம்பலவாணன் பேனாவைத் திறந்தார். மூடினார்.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்?"

"கேளுங்க."

"பதினாறாவது விநாடில நீந்தினா?"

பூங்கோதை அலமாரியிலிருந்து ஒரு சுத்தமான பீக்கரை எடுத்து, தொட்டித் தண்ணீரை ஊற்றினார். பச்சைப் பாசிக் கரைசலில் நான்கு சொட்டு விட்டார். தண்ணீர் மங்கலாயிற்று. நான்காவது வரிசை இரண்டாவது பீக்கரைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

"அந்த மூணையும் இதுல மாத்துங்க."

"சோதனை முடிஞ்ச உயிரைத் திரும்ப வளர்க்கக் கூடாதுன்னு விதி இருக்கே."

"தொட்டிக்குத் திரும்பக் கூடாதுன்னுதான் விதி. பாக்கக் கூடாதுன்னு இல்ல."

"எவ்வளவு நேரம் பாக்கறது?"

"உங்களுக்கு வேணுங்கற வரைக்கும். எனக்கு மேல கூட்டம் இருக்கு." கையெழுத்தில்லாத தாளை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஸ்டாப்வாட்சைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அம்பலவாணன் மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து மாற்றினார். அவை மெதுவாக இறங்கி அடியில் படுத்தன. நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு பூதக்கண்ணாடியைப் பிடித்து, முகத்தைப் பீக்கரின் உயரத்துக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்.

பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு நீளமான வேலை என்பது பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் தெரியும். பன்னிரண்டு மணிக்கு ஒன்றின் இதயம் நின்றுவிட்டது தெரிந்தது. நின்ற இதயத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார். சன்னலுக்கு வெளியே ஏரியில் ஒரு நீர்க்காகம் முழுகுவதும் எழுவதுமாக இருந்தது. அதன் பக்கம் அவர் திரும்பவில்லை.

ரெஜினா ஒரு மணிக்கு எட்டிப் பார்த்தாள்.

"சாப்பிடலையாண்ணே?"

"கொம்பு ஆடுது."

"யாரு கொம்பு?"

அவர் விரலால் காட்டினார். ரெஜினா குனிந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலண்ணே."

"இப்ப ஆடல. கொஞ்சம் முன்னாடி ஆடுச்சு."

அவள் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். வாயில் வந்த கிண்டலை விழுங்கிக்கொண்டாள். தன்னுடைய டப்பாவின் மூடியில் இரண்டு இட்லி எடுத்து வைத்துவிட்டு, சத்தமில்லாமல் போனாள். அவள் சத்தமில்லாமல் போனது அந்தக் கட்டடத்தில் அதுதான் முதல் தடவை.

இரண்டரை மணிக்கு இரண்டாவதும் வெளிறிப்போயிற்று. கண்ணாடி உடம்பு பால் கலந்த மாதிரி ஆகிவிட்டால் அவ்வளவுதான். மூன்றாவதின் கொம்பு எப்போதோ ஒருமுறை விலுக்கென்று துடித்தது. பிறகு வெகுநேரம் இல்லை. அவர் எண்ணவில்லை. எதுவரைக்கும் எண்ணுவது என்று யாரும் சொல்லாதபோது எண்ணத் தோன்றுவதில்லை.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அது எழுந்தது. ஒரு துள்ளல். அரை விரற்கடை மேலே போய் மறுபடி கீழே விழுந்தது. இன்னொரு துள்ளல். பிறகு, நேற்று எதுவுமே நடக்காத மாதிரி, துள்ளித் துள்ளி மேலே போயிற்று.

அம்பலவாணன் சுற்றிலும் பார்த்தார். அறையில் யாரும் இல்லை. கழுவி வைத்த பீக்கர்கள் கவிழ்ந்திருந்தன. ஓடிப்போய் யாரையாவது கூப்பிட வேண்டும் என்று கால்கள் எழுந்தன. அவர் எழவில்லை.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பூங்கோதை வந்தார்.

"நீந்துது மேடம்."

பூங்கோதை குனிந்து பார்த்தார். அவசரப்படாமல் பார்த்தார். "ஆமா" என்றார். "நல்லாவே நீந்துது."

"காலைல இதத்தான் அசைவில்லைன்னு எழுதினேன்."

"ஆமா."

"மூணை ரெண்டா மாத்தணுமா?"

"தாள் உங்ககிட்ட என்ன கேக்குது?"

"பதினஞ்சு விநாடிக்குள்ள நீந்துச்சான்னு."

"நீந்துச்சா?"

அம்பலவாணன் காலையை யோசித்தார். கோணலாக விழுந்த மூன்றைப் பார்த்தார்.

"இல்ல."

"போன மூணு தடவையும் இதையேதான் கேட்டுச்சு."

"தெரியுது மேடம்."

அவர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். முழுப் பெயரும் போட்டார், தேதியும் போட்டார். பதிவறைக்காரர்கள் தேதியை மறப்பதில்லை. போட்ட பிறகும் தாளைக் கொடுக்காமல் வைத்திருந்தார்.

"இங்க குறிப்புன்னு ஒரு பத்தி காலியா இருக்கே."

"அது சோதனை நேரத்துக்குள்ள பாத்ததை எழுத. சோதனை காலைல பத்து மணிக்கே முடிஞ்சுடுச்சு."

"அப்ப இது நீந்தினதை எங்க எழுதறது?"

"எங்கயும் எழுத முடியாது சார்."

அம்பலவாணன் பீக்கரைப் பார்த்தார். அது மேலே வந்து, கண்ணாடியின் ஓரமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கீழே இறங்கியது. அவ்வளவு பெரிய தண்ணீரில் அது ஒன்றுதான் இருந்தது.

"எழுதலைன்னா நடக்காத மாதிரிதானே மேடம்?"

பூங்கோதை அவர் கையிலிருந்து தாளை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

"அது எப்படி சார்?" என்றார். "நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்களே."